கூரை இல்லாத லாஞ்சு, கூரை இல்லாத வீடு

நான் படகு நிபுணன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், ஒருவரும் நம்பவில்லை. மலைமேல் ஏரிக்கரைப் படகுத்துறை ஒன்றில், கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவன் நான். வேலைக்காலம் முழுக்க ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் ஆடுவதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன்.

தவராசாவை அந்தக் கம்பிவலை வழியாகத்தான் தெரியும். சில வருடங்களுக்கு முன் பழனிக்கு நேர்ந்துகொண்டு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், அப்படியே மலையேறி எங்கள் ஏரிக்கும் வந்தார். டிக்கெட் வாங்க வந்த மனிதர், கவுண்டர் ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஐயாக்கு எந்த ஊர்? அம்மா அப்பா இரிக்காங்களா? எத்தின புள்ளையள்?" என்று ஆரம்பித்தார். பின்னால் வரிசை கொதித்தது. "யோவ், பொண்ணு பாக்கவா வந்திருக்க?" என்று ஒருவன் கத்தினான். தவராசா திரும்பிச் சிரித்துவிட்டு, அவனிடமும் எந்த ஊர் என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், ஃபோனில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொடர்ந்தது.

இந்த வருடம் ஒரு நாள் அழைத்தார். "ஐயா, ஒரு போட் செஞ்சிரிக்கன். பழைய ஸ்டைல், மேல கூரை கீரை ஒண்டும் இல்லாத லாஞ்சு. நாள் வாடகைக்கு விடப் போறன். எடுபடுமா எண்டு நீங்க வந்து ஒருக்கா பாத்துச் சொல்லணும்."

"தவராசா, நான் டிக்கெட் கிழிச்சவன்யா."

"தெரியும், தெரியும். பெரியாக்கள் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

ஓய்வு பெற்றவனை யாராவது பெரியாள் என்றால் பாஸ்போர்ட்டைத் தேடத்தான் தோன்றும். தேடினேன், கிடைத்தது, போனேன்.

கொழும்பிலிருந்து பஸ். முன்சீட் காலியாக இருக்கிறதே என்று ஓடிப்போய் உட்கார்ந்தேன். ஊர் முழுக்க முட்டாள்கள், நான் ஒருவன்தான் கெட்டிக்காரன் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மதகுருமாருக்கு ஒதுக்கிய இடம் என்று தலைக்கு மேலே எழுதியிருந்ததாம். நான் அண்ணாந்து பார்க்கவில்லை. நடுவழியில் ஒரு பிக்கு ஏறினார். மிச்ச தூரம் ஒரு லாரி டயருக்கும் ஒரு தயிர்ச்சட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டே வந்தேன். தயிர்ச்சட்டிக்காரர் ஒவ்வொரு வளைவிலும் என்னைப் பார்த்து, "சட்டியைப் புடிங்க ஐயா" என்றார். என்னை யார் பிடிப்பது?

மட்டக்களப்பு வாவியின் ஒரு கரையில், எதிரே டவுன் இருக்கும் புளியந்தீவைப் பார்த்த மாதிரி தவராசாவின் வளவு, அதாவது வீடும் தோட்டமும். வாசலில் அவர் மனைவி புஷ்பம் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க அண்ணன்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் கதை முடிந்தது. புஷ்பத்துக்கு அண்ணன் என்றால் தவராசாவுக்கு மச்சான். அவர்கள் இளைய மகள் வதனிக்குத் தாய்மாமன். ஆலோசனை சொல்ல வந்தவன், செருப்பைக் கழற்றுவதற்குள் சொந்தக்காரனாகிவிட்டேன். புட்டும் இறால் கறியும் வந்தன. நண்டு வந்தது. எருமைத் தயிர் வந்தது, வெல்லப்பாகு மாதிரி இருக்கும் பாணி ஊற்றி. போதும் என்று இலையை மறைத்தால், மறைத்த கைமேல் சோறு விழுந்தது.

தாய்மாமன் என்பது அங்கே மொய் எழுதிவிட்டுப் போகிற வேலை இல்லை என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது. பெண் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டுமாம். புஷ்பத்துக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. ஆக, அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே இதிலும் அண்ணாந்து பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிட்ட கையோடு புஷ்பம் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். மட்டக்களப்பில் பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் பெற்றவர்கள் ஒரு வீடு கொடுத்தாகவேண்டும். முன்வீடு மூத்த மகளுக்குப் போய்விட்டது. தவராசா, புஷ்பம், வதனி மூவரும் சமையலறையான குசினியை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய ஒரு பத்தியில் இருந்தார்கள். அதற்கும் பின்னால் வதனியின் வீடு. சுவர் இருந்தது, ஜன்னல் இருந்தது, நிலையில் மஞ்சள்கூடப் பூசியிருந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். இந்தத் தடவை மறக்காமல் பார்த்தேன். வானம் தெரிந்தது.

"தீராந்தி எல்லாம் எங்க எண்டு கேளுங்க அண்ணன்," என்றார் புஷ்பம். தீராந்தி என்றால் கூரையைத் தாங்கும் உத்தரம்.

"எங்கே?"

"வாங்க காட்டுறன்."

வாவிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே கட்டியிருந்தது லாஞ்சு. பொய் சொல்லக்கூடாது, அழகென்றால் அப்படியொரு அழகு. நீளமாய், ஒடுக்கமாய், தேன் நிறத்தில் பாலிஷ் போட்ட தேக்கு. சிவப்பு மெத்தை வைத்த இருக்கைகள். முன்னால் பித்தளையில், ரப்பர் குமிழை அமுக்கினால் பாம் என்று கத்தும் ஹாரன். வளைகுடா நாட்டில் ஒரு படகுப் பட்டறையில் தவராசா பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஒரு பணக்காரனின் லாஞ்சைத் துடைத்துத் துடைத்து அதன்மேல் ஆசை வைத்துவிட்டார். ஊருக்கு வந்தும் ஆசை போகவில்லை. புஷ்பம் அறுவடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கூரைக்கு வைத்திருந்த தேக்கை அறுத்துவிட்டார்.

"என்ட புள்ளைர வீட்டுக் கூரைதான் இந்தா தண்ணியில மிதக்குது," என்றார் புஷ்பம். தவராசா ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

வதனிக்குக் கரடியனாற்றில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வந்து, நான் பார்த்த அதே வானத்தைப் பார்த்துவிட்டு, "கூரை ஏறட்டும், மறுகா நாள் வைப்பம்" என்று சொல்லிப் போய்விட்டார். பிறகு என்பதை அங்கே மறுகா என்பார்கள். லாஞ்சு ஓடினால் அந்த வருமானத்தில் கூரை, கூரை ஏறினால் கல்யாணம் என்பது தவராசாவின் கணக்கு. புஷ்பத்தின் கணக்கு வேறு. "மாமன் சொல்லட்டும். எடுபடாது எண்டா, இறால் பண்ணைக்காரன் தீனி ஏத்துறதுக்குக் கேக்கிறான், அவனுக்கு வித்துப்போட்டு மரம் வாங்குவம்."

தவராசா என்னைப் பார்த்தார். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போது குழந்தைகள் பார்க்குமே, அந்தப் பார்வை. எனக்கு நண்டு ஜீரணமாகவில்லை.

மறுநாள் வெள்ளோட்டம். உயிர்காப்பு அங்கியை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். புறப்பட்டபோது சுகமாகத்தான் இருந்தது. கோட்டை, மாதா கோயில் கோபுரம், கண்டல் மரங்கள் எல்லாம் மெல்ல நகர்ந்தன. கொக்குகள் என்னைவிடத் தைரியமாக நின்றன. வெயில் ஏற ஏறத்தான் கூரை என்று ஒன்றை மனிதன் ஏன் கண்டுபிடித்தான் என்பது விளங்கியது. எதிரே வந்த தோணிக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மேல என்ன, இன்னும் முடியலையா?"

"இதான் ஸ்டைல்!" என்று ஒவ்வொருவருக்கும் தவராசா கத்தி விளக்கினார். அப்படி ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது லாஞ்சு சேற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வாவி பார்க்கத்தான் கடல். பல இடங்களில் முழங்கால் ஆழம். நடுவெயிலில், நிழலே இல்லாத தேக்கு வாணலியில், நானும் தவராசாவும். கடைசியில் வலை இழுத்துக்கொண்டிருந்த இருவர் வந்து தள்ளிவிட்டார்கள். தள்ளி முடிப்பதற்குள் தவராசா அவர்களிடம் எந்த ஊர், என்ன குடி என்று கேட்டு, இருவரில் ஒருவர் தன் சித்தப்பா முறை என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு வீடு திரும்பும் பேச்சே இல்லை. சித்தப்பா வீட்டில் சாப்பிட்டோம்.

இந்தக் குடி விஷயத்தைச் சொல்லவேண்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் தாய்வழியாக வரும் வம்சப் பெயர் ஒன்று உண்டு, அதுதான் குடி. ஒரே குடி என்றால் சொந்தம், வேறு குடி என்றால் சம்பந்தம் செய்யக்கூடிய சொந்தம். எப்படிப் போட்டாலும் சொந்தத்தில் வந்து முடிகிறது. எங்கள் ஊரில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டால், திண்ணையோடு நிறுத்துவதா உள்ளே விடுவதா என்று யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கும் அதற்குள் மேல் கீழ் இல்லாமல் இருக்காது. ஆனால் அது என் கண்ணில் படுவதற்குள் ஒவ்வொரு தடவையும் சோறு வந்துவிட்டது.

அடுத்த நாள் முதல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். பனிச்சங்கேணியிலிருந்து ஒரு குடும்பம். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் பிள்ளைகள் லாஞ்சைப் பார்த்துவிட்டு அடம்பிடித்தார்களாம். கூரை எங்கே என்று கேட்டார்கள். ஆனாலும் ஏறினார்கள், குடை விரித்தார்கள், சிரித்தார்கள், இன்னொரு சுற்று கேட்டார்கள். எடுபடுகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். இறங்கும்போது அந்தத் தகப்பன் சட்டைப்பையில் கையை விட்டார். அதே நேரம் தவராசா கேட்டார்: "தம்பி, பனிச்சங்கேணியில ஆருட மகன்?"

அவ்வளவுதான். வாடகை வாங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பலாப்பழமும் கொடுத்து அனுப்பினார்.

அதற்கடுத்து புளியந்தீவிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவாலயத் தோழிகளோடு வந்தார். கிறிஸ்தவர்கள், குடி ஒத்துவராது, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் தவராசாவின் தம்பிக்கு இரண்டாம் வகுப்பில் பாடம் சொன்னவராம். "டீச்சர்ட்ட எப்பிடி மச்சான் காசு வாங்குற?"

அன்று மத்தியானம் ஒரு வெள்ளைக்கார ஜோடி. எனக்கு மனம் குளிர்ந்தது. இவர்களோடு எந்தக் குடியும் ஒட்டாது! சிவக்கச் சிவக்க வெயிலில் கிடந்துவிட்டு, கூரை இல்லாததுதான் அருமை என்று அவர்கள் மொழியில் புகழ்ந்தார்கள். எந்த நாடு என்று தவராசா கேட்டார். சுவிஸ் என்றார்கள். தவராசாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான், நம்மட அக்காட மகன் அங்கதான் இரிக்கான்! அந்த நாடு நம்மட புள்ளைக்குச் சோறு போடுது. இவங்களிட்டக் காசு வாங்கினா நான் மனுசனா?"

படகுத்துறையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஓசியில் போக நினைப்பவன் கவுண்டரில் வந்து, "நான் யார் தெரியுமா?" என்பான். இங்கே முதலாளியே வந்து, "நீங்க ஆரு?" என்று கேட்டு ஓசியில் அனுப்புகிறார். இப்படி ஒரு தொழிலை நான் பார்த்ததில்லை.

நடுவில் மீன் பாடிய விவகாரம். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது உலகத்துக்கே தெரியும். கேட்டீர்களா என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, அதன் மறுநுனியில் காதை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். என் வயிறு பாடியதுதான் கேட்டது. "கேட்டதா?" என்றார்கள். அத்தனை பேர் ஆவலாகப் பார்க்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? "ராகம் பிடிபடவில்லை" என்று சொல்லித் தப்பித்தேன். யாருக்கும் மனம் நோகவில்லை.

அந்தத் தந்திரம் லாஞ்சு விஷயத்தில் செல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் புஷ்பம் பாயில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க அண்ணன். எடுபடுமா, எடுபடாதா?" என்று கேட்டார். தவராசா குசினி வாசலில் நின்றார். வதனி கணினி வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள், அதிகம் பேசாத பெண். அவளும் அரிவாள்மனையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"படகு எடுபடுது," என்றேன். "கூரை எங்கேன்னு கேட்காதவன் இல்லை, ஏறின பிறகு குறை சொன்னவனும் இல்லை. குடை வாங்கி வையுங்க, போதும். ஆனா உங்க வீட்டுக்காரர் எடுபட மாட்டார். ஜென்மத்துக்கும் மாட்டார். இவர் கண்ணில் பட்ட மனுஷன் எல்லாம் சொந்தம். நான் ஏன் கம்பிவலைக்குப் பின்னால உட்கார்ந்திருந்தேன்? முகம் தெரியக்கூடாது. கை மட்டும்தான் தெரியணும்."

தவராசா தலையைக் குனிந்துகொண்டார். "சொந்தக்காரனிட்டக் காசு கேக்க எனக்கு வாய் வராது மச்சான்," என்றார். பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"எனக்கு வரும்," என்றாள் வதனி.

அன்று பின்னேரமே கோழிக்கூட்டுக் கம்பிவலையை வெட்டி, இறங்குதுறையில் ஒரு சின்னக் கொட்டிலுக்கு அடித்தாள். கை நுழைய ஓர் ஓட்டை. டிக்கெட்டை மடிக்காமல் கிழிப்பதை நான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கலை அதுதான். பிறகு அவள் லாஞ்சிலிருந்து பித்தளை ஹாரனைக் கழற்றிக் கொண்டுவந்து தன் பக்கத்தில் பொருத்திக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். சிரித்தாள்.

அன்றே ஒரு கல்யாண ஜோடி படப்பிடிப்புக்கு வந்தது. கூடவே ட்ரோன் பறக்கவிடும் இளைஞன். "கூரை இருந்தா நாங்க வந்திரிக்கமாட்டம் அண்ணன். மேலயிருந்து எடுத்தா தகரம்தான் தெரியும்," என்றான் அவன். இத்தனை நாளும் லாஞ்சுக்குக் கூரை இல்லாதது பிழை இல்லை என்று சொன்ன முதல் உள்ளூர்க்காரன். தவராசா நெகிழ்ந்துபோய் அவன் தோளில் கை போட்டார். "தம்பி, நீங்க எந்த ஊ..."

பாம்ம்ம்!

தவராசா துள்ளிவிட்டார். வதனி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஓட்டையிலிருந்து கை நீண்டது, டிக்கெட் போனது, காசு உள்ளே வந்தது. லாஞ்சு சம்பாதித்த முதல் காசு. புஷ்பம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் சோதனை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் தாய் கரடியனாற்றிலிருந்து தம்பியோடு வந்து இறங்கினார். வயல்காரி. உட்காரச் சொன்னால் உட்காராமல் நேரே கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். "எங்கட வட்டையில விதைக்கத் தொடங்கினா எனக்கு இஞ்சால திரும்ப நேரமில்ல. அதுக்கு முதல் ஒரு முடிவு சொல்லுங்க," என்றார். வட்டை என்றால் வயல்வெளி.

தவராசாவுக்கு வேர்த்தது. "அக்கா, முதல்ல போட்ல ஒரு சுத்து போயிட்டு வருவம், வாங்க" என்று துறைக்கு நடத்திக்கொண்டு போனார். எல்லாரும் பின்னால் போனோம். கொட்டிலைத் தாண்டும்போது ஹாரன் கத்தியது.

"மாமி, ரெண்டு பேருக்கு டிக்கட் எடுக்கணும்," என்றது கம்பிவலை. "குடை வேணுமெண்டா அதுக்கு வேற."

"வதனீ!" என்றார் தவராசா. கூட வந்த தம்பி, "எங்களிட்டயா?" என்றார். கல்யாணம் அந்த இடத்திலேயே தண்ணீரில் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புஷ்பம் என் பக்கம் திரும்பினார். தவராசா திரும்பினார். தாய்மாமன் வாய் திறக்கவேண்டிய நேரம். அத்தனை வருடம் கவுண்டரில் சொல்லிப் பழகியது மட்டும் தானாக வெளியே வந்தது.

"சில்லறையா கொடுத்தா நல்லது," என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு கம்பிவலைக்குக் குனிந்தார். "நான் ஆரெண்டு தெரியுந்தானே மனே?"

"தெரியும் மாமி," என்றாள் வதனி. "உங்களச் சும்மா ஏத்தினா உங்கட மகன்தான் மழையில நனைவாரு."

அந்த அம்மா நிமிர்ந்தார். இடுப்பிலிருந்து ஒரு சின்ன பர்ஸை எடுத்தார். "குடை ஒண்டு போதும். இவனுக்கு வேணாம், வயலில நிண்டு பழகினவன்," என்று தம்பியைக் காட்டினார். காசை ஓட்டையில் வைத்து, டிக்கெட்டை வாங்கி, மீதிக்குக் கையை நீட்டியபடியே நின்றார். மீதி வந்ததும்தான் நகர்ந்தார்.

சுற்றிவிட்டு இறங்கும்போது தவராசாவிடம், "நாளப் பாருங்க தம்பி" என்றார்.

"அக்கா, கூரை...?"

"அது ஏறிரும். அந்தப் புள்ளைட கையப் பாத்தன்."

புஷ்பம் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் புறப்பட்ட அன்று, புளியந்தீவு பஸ் நிலையத்துக்கு வாவியைக் கடந்து லாஞ்சிலேயே விடுவதாகத் தவராசா சொன்னார். பெட்டி நிறைய முந்திரிப்பருப்பு, மடியில் ஒரு தயிர்ச்சட்டி. வேலைக்காலமெல்லாம் வலைக்கு உள்ளே இருந்தவன், தாய்மாமன், கல்யாணத்தையே பேசி முடித்தவன் என்ற மிடுக்கில் கொட்டிலைத் தாண்டி நேரே படகுக்கு நடந்தேன்.

பாம்ம்ம்!

சட்டி கை தவறப் பார்த்தது. திரும்பினேன். ஓட்டையிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது.

"மாமா," என்றாள், "சில்லறையா குடுத்தா நல்லது."